காற்றிலே பொரிந்த வெங்காயம்

மழைக்கால மாலைகளில் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து ஒரு மணம் எழும். தாச்சியிலே எண்ணெய் காய்ந்து, அதனுள் வெங்காயம் விழுந்த கணத்தில், ஓசையும் மணமும் ஒன்றாய்க் கிளம்பும். ஒழுங்கையின் முடக்கிலே வருகிறவனுடைய காலைத் தானாகவே விரையச் செய்யும் வல்லமை அந்த மணத்துக்கு உண்டு. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் அது எழுந்துகொண்டிருந்தது. 2023ஆம் ஆண்டு ஐப்பசியிலே நின்றது.

நின்றதற்குக் காரணம் என் மனைவியின் இருதயம். ஓர் அதிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறாந்தையிலே உட்கார்ந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். அடைப்பை நீக்கி, சிறு வலைக்குழாய் ஒன்றை உள்ளே பொருத்தி, நலமாகவே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். வைத்தியர் எழுதித் தந்த தாளிலே உண்ண வேண்டிய மருந்துகள் ஒரு பக்கம், விலக்க வேண்டிய பண்டங்கள் மறுபக்கம். விலக்க வேண்டியவற்றின் தலையிலே நின்றது பொரியல். அதற்கடுத்தது உப்பு.

அந்தத் தாளை நாங்கள் மதித்தோம். அளவுக்கு மிஞ்சியே மதித்தோமோ என்று இப்பொழுது தோன்றுகிறது. அவித்த மரக்கறி, அவித்த இடியப்பம், பாலில்லாத சொதி. (பாலில்லாத சொதிக்குச் சொதி என்று பெயர் வைக்கலாமா என்பது வேறு விடயம்.) அவள் இரண்டு வாய் உண்பாள், தட்டை நகர்த்துவாள். "போதுமோ?" என்று கேட்டால் "போதும்" என்பாள். ஒரு குறையுஞ் சொல்வதில்லை. எனக்கு அச்சத்தைத் தந்ததும் அதுவே. கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும், கோயில் அன்னதானத்தில் இருந்தாலும், "புளி கொஞ்சம் தூக்கல்" என்று என் காதிலே சொல்லாமல் எழும்பாத நாக்கு அவளுடையது. அந்த நாக்கு மௌனமாகிவிட்டது. ஆறு மாதத்தில் ஏழு கிலோ இளைத்துப் போனாள். "ஐயா, இவ சாப்பிட வேணும். விருப்பமானது எதையாவது குடுத்துப் பாருங்கோ" என்றார் வைத்தியர். அவளுக்கு விருப்பமானவற்றையெல்லாம் தாளிலே எழுதித் தடுத்தவர் அவரே என்பதை நான் நினைவூட்டவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் பாடசாலையிலே இரசாயனம் படிப்பித்து இளைப்பாறியவன். குசினிக்குள் நான் அறிந்திருந்த ஒரே வழி தேநீர்க் கேத்திலுக்குச் செல்லும் வழிதான். அப்படிப்பட்ட நான் இன்று வெங்காய வளையம் பொரிப்பதைப் பற்றி எழுத முனைவதைக் கண்டு, என்னிடம் படித்தவர்கள் எவரேனும் இப்பக்கத்தை வாசித்தால் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

2024ஆம் ஆண்டு ஆடியில், ரொறன்ரோவில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வரப் புறப்பட்டாள். புறப்படுமுன் தொலைபேசியிலே, "அப்பா, அம்மாவுக்கு எயார் பிறையர் ஒண்டு கொண்டு வரட்டோ? எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம்" என்றாள். எண்ணெயில்லாமற் பொரிப்பது எங்ஙனம் என்று நான் வாதிக்கவில்லை; வேறொன்றைச் சொன்னேன். "பிள்ளை, அங்கை மின்சாரம் 120 வோல்ற். இஞ்சை 230. அங்கை வாங்கினதை இஞ்சை செருகினால் பொரியிறது வெங்காயம் இல்லை, உன்ரை யந்திரம்தான்." ஆகவே அவள் கொழும்பிலே இறங்கி, இந்நாட்டு மின்சாரத்துக்கு ஏற்றதொன்றை வாங்கி வந்தாள். வெளிநாட்டிலிருந்து இத்தகைய பொருள்களை அன்போடு சுமந்துவரும் பிள்ளைகளுக்கு இதனை ஓர் எச்சரிக்கையாகவே குறித்துவைக்கிறேன்.

வந்த முதல் நாளே ஒரு சங்கடம். எங்கள் குசினிச் சுவரிலே இருந்தது வானொலிக்கும் மேசை விசிறிக்கும் போதுமான பழைய 5 அம்பியர் துவாரம். யந்திரத்தின் வலு 1500 உவாற்று. 230ஆல் வகுத்தால் ஆறரை அம்பியர். கணக்குப் படிப்பித்தவனே கணக்குப் பாராமல் ஓர் இடைச்செருகியை மாட்டி முடுக்கினான். பத்து நிமிடத்திலே கருகல் மணம். வெங்காயம் கருகுகிறதென்று இழுப்பறையைத் திறந்தால் வெங்காயம் பச்சையாகவே இருக்கிறது. உருகிக்கொண்டிருந்தது சுவரிலிருந்த துவாரம்! மறுநாள் மின்வேலைக்காரரை அழைத்து, தடித்த கம்பியோடு 13 அம்பியர் துவாரமொன்றைப் பொருத்திய பிறகே மேற்கொண்டு சோதனை நடத்தினேன்.

மகள் கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். யந்திரம் மேசையிலே குந்தியிருந்தது. கரிய உடல், முன்னே ஒரு கைபிடி, கைபிடியை இழுத்தால் ஓட்டைகள் நிறைந்த ஒரு கூடை. இதன் உள்ளமைப்பை அறிந்தபொழுது என் வியப்புப் பாதியாகக் குறைந்தது. மேலே சிவந்து காயும் ஒரு கம்பிச் சுருள். அதற்கு மேலே ஒரு விசிறி. விசிறி சூடான காற்றை வேகமாகக் கூடைக்குள் தள்ளுகிறது. காற்று கீழே போய்ச் சுழன்று மேலே வருகிறது. அவ்வளவே. 1945ஆம் ஆண்டளவிலே அமெரிக்கரான வில்லியம் மக்சன் என்பவர், ஆகாய விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்கு விசிறி பூட்டிய அடுப்பொன்றை ஆக்கினார். அதே தத்துவத்தை ஒரு சிறு கூட்டுக்குள் அடக்கியவர் ஒல்லாந்து தேசத்தவரான பிரெட் வான் டெர் வெய். பிலிப்ஸ் நிறுவனத்தார் அதனை 2010ஆம் ஆண்டு பேர்லினிலே நடந்த கண்காட்சியில் உலகுக்குக் காட்டினர். யாழ்ப்பாணத்துக் கோட்டையைத் திருத்தி விரித்துக் கட்டிய ஒல்லாந்தரின் வழித்தோன்றல் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தாச்சிக்குப் போட்டியாகவும் வந்து சேர்ந்தாரே என்று எண்ணிக்கொண்டேன்.

வெங்காய வளையத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மகள் சிறுமியாயிருந்த காலத்திலே, வெங்காயத்தைத் தனித்தனி வளையமாக அரிந்து கடலை மாவிலே தோய்த்துப் பொரித்துக் கொடுப்பாள் என் மனைவி. பிள்ளை அவற்றை விரல்களிலே மோதிரமாக மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு தாயும் இரண்டு உண்பாள். இது மேல்நாட்டாருடைய கடைப்பண்டம் என்று அக்காலத்தில் நாங்கள் அறியோம். இலண்டனிலே ஜோன் மொல்லார்ட் என்ற சமையற்காரர் எழுதிய நூலின் 1802ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதன் செய்கை காணப்படுகிறது: வெங்காயத்தை வளையங்களாக அரிந்து, மாவும் பாலாடையும் பாற்கட்டியும் சேர்ந்த கரைசலிலே தோய்த்து, கொதிக்கும் பன்றிக் கொழுப்பிலே இடவேண்டுமாம். எங்கள் வைத்தியர் அதை வாசித்தால் மயங்கி விழுவார்.

வெங்காயத்திலும் ஒரு சிக்கல். வலிகாமத்துச் செம்மண்ணிலே விளையும் நம்முடைய சிவப்புச் சின்ன வெங்காயத்துக்கு நிகராக வேறொன்றை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அதை வளையமாக அரிந்தால் சிறு பிள்ளையின் விரலுக்குக்கூட மாட்டாது. பம்பாய் வெங்காயமே வேண்டும். 2023 டிசம்பர் 8ஆந் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடுத்து, மறு ஆண்டு மே மாதத்திலேதான் தடையை நீக்கியது. அந்த மாதங்களிலே சந்தையிலே அதன் விலையைக் கேட்டவர்கள் கேட்டதோடு நடந்துவிட்டார்கள். நல்ல வேளையாக என் சோதனை தொடங்கியபொழுது விலை இறங்கியிருந்தது.

முதற் சோதனையில், அவள் செய்வதுபோலவே கடலை மாவைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, வளையங்களைத் தோய்த்துக் கூடையிலே பரப்பினேன். கால் மணி நேரங் கழித்துத் திறந்தேன். மா முழுவதும் ஓட்டைகளினூடே ஒழுகி, அடித்தட்டிலே அடையாய்ப் படிந்திருந்தது. வளையங்கள் நிர்வாணமாய் வதங்கிக் கிடந்தன. வழிக்க முயன்றபொழுது கூடையின் கறுப்புப் பூச்சிலே ஒரு கீறலும் விழுந்தது.

அன்று இரவு நித்திரை வரவில்லை. காரணத்தைத் தேடினேன்; தேடியபொழுது என் பழைய பாடமே விடை தந்தது. ஒரு லீற்றர் எண்ணெய் ஏறத்தாழ 900 கிராம் நிறையுடையது. 200 பாகைச் சூட்டிலே ஒரு லீற்றர் காற்று ஒரு கிராமும் இராது. அடர்ந்த எண்ணெய் தன் சூட்டை ஒரு நொடியிலே மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. மாக்கரைசல் ஒழுக நினைக்குமுன்னே உறைந்து ஓடாகிவிடும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் குமிழாய் வெளியே பாய்கிறது. தாச்சியிலே நாம் கேட்கும் அந்த ஓசை எண்ணெயினுடையது அன்று, வெளியேறும் நீரினுடையது. ஆவி வெளியே தள்ளுமட்டும் எண்ணெய் உள்ளே பெரும்பாலும் நுழையாது. பொரியலை எடுத்து ஆறவிடும்பொழுதே, ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. எங்கள் பாட்டிமார் பொரியலைச் சுடச்சுட வடித்தட்டிலே போட்டு எண்ணெயை இறங்கவிட்டதன் நியாயம் இதுவே.

காற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது மெல்ல மெல்லவே சூட்டைக் கொடுக்கும். ஆனால் ஈரத்தை வாரிக்கொண்டு போவதிலே வல்லது. அப்படியானால் அதனிடம் ஈரமான மாவைக் கொடுத்து ஓடாக்கு என்று கேட்பது தவறு. ஏற்கெனவே உலர்ந்த ஓட்டையே வளையத்தின்மேல் போர்த்திக் கொடுக்கவேண்டும். அதனைச் சிவக்கவைக்கும் வேலையை மட்டும் காற்றிடம் விடவேண்டும். மொறுமொறுப்பு என்பது எண்ணெயின் குணம் என்று அறுபத்தொன்பது வயதுவரை நம்பியிருந்தேன். நீர் நீங்கியதன் குணமே அது.

இந்தத் தெளிவோடு இரண்டாம் சோதனையை நடத்தினேன். வளையங்களைத் தயிரிலே தோய்த்து, உலர்ந்த கோதுமை மாவிலே புரட்டி உள்ளே வைத்தேன். வெளியே வந்தவை சுண்ணாம்பு பூசியவைபோல வெளுத்திருந்தன. கடித்தால் பச்சை மா அண்ணத்திலே ஒட்டியது. ஓர் உலர்ந்த மாத்துகள் சிவக்க வேண்டுமானால் அதன்மேல் எண்ணெயின் ஒரு மெல்லிய படலமாவது இருக்கவேண்டும். ஆகவே "எண்ணெயே இல்லாமல்" என்ற விளம்பரச் சொல்லை நம்பாதீர்கள், நேயர்களே. கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதிலேதான் விடயம் இருக்கிறது.

மூன்றாம் முறை நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபொழுது கண்ணீர் பெருகியது. வெங்காயத்தின் கலங்கள் அறுபடும்போது உள்ளே பிரிந்திருந்த பொருள்கள் ஒன்றுசேர்ந்து கந்தகம் கலந்த ஓர் ஆவியை எழுப்புகின்றன. அதை உண்டாக்கும் நொதியத்தை யப்பானிய விஞ்ஞானிகள் 2002ஆம் ஆண்டிலே கண்டுபிடித்தார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் கதவடியிலே வந்து நின்ற என் மனைவிக்கு நான் அழுவதாகவே தோன்றியிருக்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. வெங்காயம்."

அவள் கிட்ட வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின்னர், குசினி மேசையருகே அவள் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். ஒரு வளையத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தாள்.

"உதிலை தோல் இருக்கு. உள்ளுக்கை ஒரு மெல்லிய தோல். அதை உரிக்காட்டில் வழுக்கும், மா பிடிக்காது. கடிக்கேக்கை வெங்காயம் முழுக்க இழுபட்டு வந்திடும், கோது கையிலை நிக்கும்."

சொல்லிக்கொண்டே பெருவிரல் நகத்தால் ஒரு முனையை நெம்பினாள். கண்ணாடிபோன்ற மெல்லிய சவ்வு ஒன்று வளையத்தின் உட்புறத்திலிருந்து உரிந்து வந்தது. இப்படியொரு சவ்வு இருப்பதை எந்த நூலிலும் நான் கவனித்ததில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்து எல்லா வளையங்களையும் உரித்துத் தந்தாள்.

பின்வருவது அன்றுமுதல் நாங்கள் கைக்கொள்ளும் முறை. இரண்டு பெரிய பம்பாய் வெங்காயத்தை அரை அங்குலத் தடிப்பாக அரிந்து வளையங்களைப் பிரித்து, சவ்வை உரித்து, குளிர்ந்த நீரிலே பத்து நிமிடம் போட்டால் காரம் இறங்கும். பிறகு துணியிலே ஒற்றி நன்றாக ஈரத்தை எடுக்கவேண்டும். இதிலே சோம்பினால் மற்றதெல்லாம் வீண். முதலில் அரிசி மாவிலே மெல்லப் புரட்டுதல். அடுத்தது பசை. மேல்நாட்டார் இதற்கு முட்டையைக் கொள்வர். எங்கள் வீட்டிலே முட்டை புழங்குவதில்லை. அரைக் கோப்பை கடலை மாவோடு கொஞ்சம் தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள், இடித்த பெருஞ்சீரகம் சேர்த்து, தோசை மாவிலுந் தடிப்பாகக் கரைத்தால் அது முட்டையின் வேலையைச் செய்கிறது. கடைசியாக, றஸ்க் தூள். ஒரு கோப்பை தூளிலே இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயை விட்டு, விரல்களால் நன்றாகப் பிசறி, ஒவ்வொரு துகளும் எண்ணெயைக் காணும்படி செய்துகொண்டு, அதிலே வளையத்தை அழுத்திப் புரட்டவேண்டும். இரண்டு தேக்கரண்டி என்பது 10 மில்லிலீற்றர். அதுவும் இரண்டு பேருக்கு. தாச்சியிலே விடும் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புரட்டிய வளையங்களைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்தால் போர்வை இறுகிப் பிடிக்கும். யந்திரத்தை வெறுமையாக ஐந்து நிமிடம் 190 பாகையிலே காயவிட்டு, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஆறு நிமிடம் ஒரு பக்கம், திருப்பி ஆறு நிமிடம் மறுபக்கம். கூடையை நிரப்ப ஆசைப்படக் கூடாது. காற்றுப் போக வழியில்லாவிட்டால் வளையங்கள் தம் ஆவியிலேயே அவிந்துவிடும். நிறம் பொன்னாகும்பொழுதே நிறுத்தவேண்டும். மாப்பண்டங்கள் மிகையாகச் சிவக்கும்போது அக்கிரிலமைட்டு என்னும் விரும்பத்தகாத பொருள் உண்டாவதை 2002ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஆய்வாளர் அறிவித்தனர். காற்றிலே செய்ததனால் அது உண்டாகாது என்று எண்ணுவதற்கில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்தபின் அலகை எண்ணாத வீடு இந்நாட்டிலே இல்லை. பதினேழு நிமிடம் 1500 உவாற்றிலே ஓடினாலும் அரை அலகுக்குக் குறைவே. ஆனால் ஒருமுறைக்கு எட்டு வளையமே கொள்ளும் கூடையிலே, எட்டுப் பேருள்ள குடும்பத்துக்குப் பொரிக்கப் புகுந்தால் மாலைப்பொழுது முழுவதும் யந்திரத்தின் காலடியிலே கழிந்துவிடும். இரண்டு பேர் மிஞ்சியிருக்கும் எங்கள் வீடுபோன்ற வீடுகளுக்கே இது ஏற்றது. அத்தகைய வீடுகள் இப்பொழுது யாழ்ப்பாணத்திலே பல.

வைத்தியரிடமும் கேட்டேன். செய்முறையைச் சொன்னபொழுது அவர் தாளிலே குறித்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள், அளவோடு, உப்பைக் குறைத்து என்று இசைந்தார். இஃது ஒன்றும் பத்தியச் சாப்பாடு அன்று. மாவும் இருக்கிறது, கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. தாச்சிப் பொரியலுக்கு நிகர் என்றும் நான் சொல்லமாட்டேன். எண்ணெயிலே பொரிந்த மாவுக்குள் இருக்கும் அந்தக் கொழுத்த உருசி இதிலே வராது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தால் வேறுபாடு தெரியாது என்று சொல்பவர்கள் பொரியலை மறந்தவர்கள்.

ஆயினும் அன்று மாலை, மூன்றாம் முறை, இழுப்பறையை இழுத்தபொழுது மணம் எழுந்தது. பழைய மணம் அன்று. அதனுடைய ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். வளையங்கள் செம்பொன் நிறமாக இருந்தன. ஒன்றை எடுத்துத் தட்டிலே தட்டினேன். ஓசை கேட்டது. வெளியே தூறல், நாங்கள் விறாந்தையிலே இருந்தோம். அவள் ஒன்றைக் கடித்தாள். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. மென்றாள். இரண்டாவதை எடுத்தாள். நான் வெங்காயத்தைப் பாராமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடி?" என்றேன்.

"உப்புக் காணாது" என்றாள்.

எழுந்துபோய் ஒரு தேசிக்காயை வெட்டிக் கொண்டுவந்து பிழிந்தேன். கொஞ்சம் மிளகுத் தூளுந் தூவினேன். அவள் மூன்றாவதையும் நான்காவதையும் உண்டாள். ஐந்தாவது வளையத்தை உண்ணாமற் சிறிது நேரம் சுட்டுவிரலிலே மாட்டிவைத்திருந்தாள். பெருஞ்சீரகத்தை வறுத்து இடித்திருக்கலாமே, இப்படிப் பச்சையாகவா போடுவது என்று கேட்டாள். றஸ்க் தூள் கொஞ்சம் பரும்படி என்றாள். நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாட் காலை சந்தைக்குப் புறப்பட்டபொழுது ஒரு துண்டைக் கையிலே தந்தாள். வழியிலே விரித்துப் பார்த்தேன். பம்பாய் வெங்காயம் ஒரு கிலோ, தேசிக்காய் ஐந்து, பெருஞ்சீரகம் ஐம்பது கிராம் என்று அவளுடைய எழுத்திலே இருந்தது.